பெர்னார்ட் இனோ: டூர் டி பிரான்ஸை 5 முறை வென்றவர் கொடுத்த ஒரு வாக்கு என்ன ஆனது?

ஜூலை மாதம் வந்தாலே பிரான்ஸில் ஒரு பழைய கேள்வி மறுபடியும் தலைகாட்டும். இந்த வருஷமாவது டூர் டி பிரான்ஸை ஒரு பிரெஞ்சுக்காரர் ஜெயிப்பாரா? பந்தயம் அவர்கள் நாட்டில், அவர்கள் சாலைகளில் நடக்கிறது. ஆனால் ஆண்கள் பிரிவில் ஒரு பிரெஞ்சு வீரர் கடைசியாகப் பட்டம் வென்றது 1985-ல். பெண்களுக்கான டூரை 2025-ல் பொலின் ஃபெரான்-பிரெவோ வென்று கொடுத்தார். ஆண்கள் பக்கம் 40 வருஷக் காத்திருப்பு இன்னும் முடியவில்லை.

அந்தக் கடைசி பிரெஞ்சு சாம்பியன்தான் பெர்னார்ட் இனோ. ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ‘ஹினால்ட்’ என்று படித்துவிடாதீர்கள், பிரெஞ்சில் உச்சரிப்பு ‘இனோ’. ஐந்து முறை டூர் பட்டம் வென்றவர். ஆனால் சைக்கிள் பந்தய ரசிகர்கள் இன்றைக்கும் சண்டை போட்டுக்கொள்வது அவர் வென்ற ஐந்தைப் பற்றி அல்ல. அவர் இரண்டாவதாக வந்த 1986 பந்தயத்தைப் பற்றித்தான். அதற்கு முந்தைய வருஷம், தனக்காக உழைத்த ஒரு இளைய வீரரிடம் ‘அடுத்த முறை உனக்கு உதவுவேன்’ என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கு என்ன ஆனது?

சைக்கிள் ரேஸ் பார்த்தே பழக்கம் இல்லையா? பரவாயில்லை. டீமில் வேலை பார்த்து, பெயர் வேறொருவருக்குப் போன அனுபவம் இருந்தால் இந்தக் கதை உங்களுக்குப் புரியும்.

முதலில், டூர் டி பிரான்ஸ்னா என்ன?

மூன்று வாரம் நடக்கும் பந்தயம். தினமும் ஒரு ஸ்டேஜ். சில நாள் சமவெளி, சில நாள் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகள். சில நாள் ‘டைம் டிரையல்’, அதாவது ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்ட வேண்டும். எல்லா நாளின் நேரத்தையும் கூட்டினால் யாருக்கு மிகக் குறைவோ அவர் மஞ்சள் ஜெர்சி அணிவார். கடைசி நாளிலும் அது யார் உடம்பில் இருக்கிறதோ அவரே சாம்பியன். 1986-ல் மொத்தத் தூரம் 4,000 கிலோமீட்டருக்கு மேல்.

பார்க்க இது தனிநபர் போட்டி மாதிரி தெரியும். உண்மையில் இது டீம் விளையாட்டு. காரணம், காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, ஒட்டிப் பின்னால் வருபவர் அதே வேகத்தைக் கணிசமாகக் குறைந்த உழைப்பில் பிடித்துவிடலாம். அதனால் ஒவ்வொரு அணியிலும் ஒரு தலைவர் இருப்பார். மற்றவர்கள் அவருக்காகக் காற்றை வாங்குவார்கள், தண்ணீர் கொண்டுவருவார்கள், தேவைப்பட்டால் தங்கள் சைக்கிளையே கழற்றிக் கொடுப்பார்கள். இவர்களுக்கு ‘டொமெஸ்டிக்’ என்று பெயர். பிரெஞ்சில் அதன் நேரடிப் பொருள் ‘வேலைக்காரர்’.

இதில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. உங்கள் அணிக்காரர் யாராவது முன்னால் பாய்ந்து போய்விட்டால், நீங்கள் அவரைத் துரத்தக் கூடாது. துரத்தினால் எதிரணிக்காரர்கள் சும்மா உங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து அவரைப் பிடித்துவிடுவார்கள். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கதை முழுக்க இதில்தான் சுற்றுகிறது.

யார் இந்த இனோ?

1954 நவம்பர் 14 அன்று, பிரான்ஸின் மேற்கு ஓரத்தில் உள்ள பிரிட்டனி பகுதியில் இஃபினியாக் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ரயில்வே தொழிலாளி. 1975-ல் தொழில்முறை வீரரானார். அவருடைய மேலாளர் சிரில் கிமார், முன்னாள் பந்தய வீரர். இனோவுக்குத் திறமை இருக்கிறது என்று தெரிந்தும் 1977-ல் அவரை டூருக்கு அனுப்பவில்லை, இன்னும் பக்குவப்படட்டும் என்று காத்திருந்தார்.

அதே 1977-ல்தான் பிரான்ஸ் முழுக்க இனோவை டிவியில் பார்த்தது. டோஃபினே என்ற பந்தயத்தில், மலை இறக்கத்தில் வளைவைத் தவறவிட்டு சாலையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தார். முடிந்தது கதை என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் மேலே ஏறி வந்தார், வேறு சைக்கிளில் உட்கார்ந்தார், அந்த ஸ்டேஜையும் ஜெயித்தார், பந்தயத்தையும் ஜெயித்தார்.

1978-ல் முதல் டூர். முதல் முயற்சியிலேயே பட்டம். அதே வருஷம் ஸ்பெயினின் பெரிய பந்தயமான வுவெல்டாவையும் வென்றிருந்தார். அடுத்து 1979, 1981, 1982 என்று டூர் பட்டங்கள் வரிசையாக வந்தன. அவருக்கு வைக்கப்பட்ட பட்டப்பெயர் ‘ப்ளேரோ’, ஆங்கிலத்தில் பேட்ஜர். வளையில் வாழும் விலங்கு. தானாக வம்புக்கு வராது, மூலையில் தள்ளினால் கடித்துக் குதறிவிடும். பெயர் பொருத்தமா என்பதை அடுத்த சில சம்பவங்களைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

தேவையில்லாத நாளிலும் ஜெயிக்க நினைத்தவர்

டூரின் கடைசி நாள் பாரிஸில் முடியும். பெரும்பாலும் சம்பிரதாய ஊர்வலம்தான். மஞ்சள் ஜெர்சிக்காரரை அன்று யாரும் தாக்குவதில்லை, அவரும் சும்மா ஓட்டினால் போதும். 1979-ல் இனோ அப்படி விடவில்லை. இரண்டாம் இடத்தில் இருந்த ஜூப் ஜூட்டமெல்கோடு கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னால் பறந்து, ஷான்ஸ் எலிஸே சாலையில் அவரை முந்தி ஸ்டேஜை வென்றார். பட்டம் கையில் இருந்தும்!

1980 ஏப்ரல். பெல்ஜியத்தின் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயம் பனிப்பொழிவில் நடந்தது. கிளம்பியவர்கள் 174 பேர், முடித்தவர்கள் 21 பேர். இனோ சுமார் 80 கிலோமீட்டர் தனியாக ஓட்டி, இரண்டாவதாக வந்தவரைவிட 9 நிமிடம் 24 வினாடி முன்னால் வந்து சேர்ந்தார். அன்றைய குளிரில் அவருடைய இரண்டு விரல்களில் ஏற்பட்ட பாதிப்பு கடைசி வரை முழுதாகச் சரியாகவில்லை.

அதே ஆண்டு டூரில் மஞ்சள் ஜெர்சியோடு இருந்தபோதே முழங்கால் வலி தாங்காமல் விலகினார். சில வாரங்களிலேயே ஆல்ப்ஸ் மலையடியில் உள்ள சலான்ஷில் உலக சாம்பியன்ஷிப். ஒரே செங்குத்தான ஏற்றத்தை 20 சுற்றுகள் ஏற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் போட்டியாளர்கள் உதிர்ந்துகொண்டே போக, கடைசியில் தனியாக வந்து வென்றார்.

1981-ல் கருங்கல் பாவிய சாலைகளில் நடக்கும் பாரிஸ்–ரூபே. இந்தப் பந்தயமே தனக்குப் பிடிக்காது என்று வெளிப்படையாகச் சொன்னவர் இனோ. ஆனாலும் உலக சாம்பியன் ஜெர்சியோடு வந்து, பலமுறை விழுந்து எழுந்து, அதில் ஒரு முறை நாய் குறுக்கே வந்து விழுந்து, கடைசி ஓட்டத்தில் ஜெயித்தார்.

போராட்டத்தை நடத்தியவரும் அவரே, உடைத்தவரும் அவரே

1978 டூரில் ஒரே நாளில் இரண்டு ஸ்டேஜ் வைத்தார்கள். அதிகாலையில் எழ வேண்டும், தூக்கம் இல்லை. வீரர்கள் கொதித்துப்போனார்கள். வாலன்ஸ் தாஜென் என்ற ஊரில் முடிவுக்கோட்டுக்கு முன்பே சைக்கிளிலிருந்து இறங்கி, எல்லோரும் நடந்தே கோட்டைக் கடந்தார்கள். முன்வரிசையில் நின்றவர் 23 வயது இனோ. அது அவருடைய முதல் டூர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

1984-ல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில், வேலை பறிபோகும் அபாயத்தில் இருந்த கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்கள் சாலையை மறித்தார்கள். இனோ கூட்டத்துக்குள் நேராகச் சைக்கிளை விட்டு, இறங்கி, குத்துவிட ஆரம்பித்தார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது.

தன் வேலை நிலைமைக்காகப் போராட்டம் நடத்தியவர், இன்னொருவரின் வேலைப் போராட்டம் தன் பாதையை மறித்தபோது கைநீட்டினார். ஹீரோவாக மட்டும் பார்த்தாலும், வில்லனாக மட்டும் பார்த்தாலும் இந்த மனிதர் பிடிபட மாட்டார்.

சிம்மாசனம் ஆடிய காலம்

1983-ல் வுவெல்டாவை மறுபடியும் வென்றார், ஆனால் முழங்கால் மறுபடியும் மடங்கியது. டூருக்குப் போக முடியவில்லை. அவர் இல்லாத டூரை அவருடைய அணியிலேயே இருந்த 22 வயது லோரான் ஃபின்யோன் வென்றார். இனோவுக்கும் கிமாருக்கும் உறவு கசந்தது. இனோ வெளியேறி, தொழிலதிபர் பெர்னார்ட் டாப்பி தொடங்கிய லா வி கிளேர் அணிக்குப் போனார்.

1984 டூரில் ஃபின்யோனிடம் 10 நிமிடத்துக்கு மேல் தோற்று இரண்டாவதாக வந்தார். பலர் அவர் முடிந்துவிட்டார் என்று எழுதினார்கள். மூன்றாவதாக வந்தவர் ஃபின்யோனின் அணியில் இருந்த கிரெக் லெமோண்ட், 23 வயது அமெரிக்கர். அடுத்த சீசனுக்கு அவரை டாப்பி தன் அணிக்கு இழுத்துவிட்டார். இனோவுக்கு உதவியாக, பிறகு வாரிசாக என்பது திட்டம்.

இதற்கிடையில் ஒரு துணைத் தகவல். வார இறுதியில் ஈசிஆரில் சைக்கிள் ஓட்டும் உங்கள் நண்பர், ஷூவைப் பெடலில் ‘க்ளிக்’ என்று மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பனிச்சறுக்கு பைண்டிங் தயாரித்த லுக் நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் டாப்பியின் கையில் இருந்தது. 1985-ல் இனோ அந்தப் பெடலில் டூர் ஜெயித்த பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது.

1985: வாக்கு எப்படி வந்தது?

1985 டூரில் இனோ முன்னிலையில் இருந்தார். செயின்ட் எட்டியன் நகரில் ஸ்டேஜ் முடியும் இடத்துக்கு அருகே விழுந்து மூக்கு உடைந்தது. முகமெல்லாம் ரத்தத்தோடு கோட்டைக் கடந்தார். அதன் பிறகு மூச்சு விடுவதே சிரமம். மலைகள் இன்னும் பாக்கி.

பிரனீஸ் மலையில், லூஸ் ஆர்டிடென் உச்சியில் முடியும் ஸ்டேஜில் இனோ பின்தங்கினார். லெமோண்ட், அயர்லாந்து வீரர் ஸ்டீபன் ரோஷோடு முன்னால் இருந்தார். மஞ்சள் ஜெர்சி எட்டும் தூரத்தில் தெரிந்தது. அப்போது அணியின் காரிலிருந்து உத்தரவு வந்தது: ரோஷோடு சேர்ந்து உழைக்காதே. இனோ பக்கத்தில்தான் வந்துகொண்டிருக்கிறார் என்றும் சொன்னார்கள். லெமோண்ட் கட்டுப்பட்டார். இடைவெளி தனக்குச் சொல்லப்பட்டதைவிட அதிகம் என்று ஸ்டேஜ் முடிந்த பிறகே தெரிந்தது என்பது அவர் பின்னாளில் பலமுறை சொன்ன குற்றச்சாட்டு. அன்று அவர் ஆத்திரத்தில் அழுதார்.

பாரிஸில் இனோ ஐந்தாவது பட்டம் வாங்கினார். லெமோண்ட் 1 நிமிடம் 42 வினாடி பின்னால், இரண்டாவது. அடுத்த வருஷம் லெமோண்ட் ஜெயிக்க நான் உதவுவேன் என்று இனோ பொதுவெளியிலேயே அறிவித்தார்.

1986: ஒரே ஜெர்சி, இரண்டு தலைவர்கள்

ஐந்து முறை வென்றவர்கள் அதுவரை மூன்றே பேர்: ஜாக் ஆன்க்டில், எடி மெர்க்ஸ், இனோ. ஆறு முறை வென்றவர் யாரும் இல்லை. வாக்கைக் காப்பாற்றுவது என்றால் இனோ அந்த ஆறாவதைக் கைவிட வேண்டும். ஒரு பிரெஞ்சுக்காரர், பிரான்ஸில், ஒரு அமெரிக்கருக்காக!

பிரனீஸின் முதல் மலை நாளிலேயே இனோ பாய்ந்தார். ஸ்பெயின் வீரர் பெட்ரோ டெல்காடோவோடு சேர்ந்து தப்பித்துப் போய் மஞ்சள் ஜெர்சியை எடுத்துக்கொண்டார். லெமோண்ட் என்ன செய்ய முடியும்? சொந்த அணிக்காரரைத் துரத்தக் கூடாது. பின்னால் மாட்டிக்கொண்டார். அன்று மாலை இனோ அவரைவிட 5 நிமிடத்துக்கு மேல் முன்னிலை.

மறுநாள் இனோ மறுபடியும் தனியாகத் தாக்கினார். இந்த முறை உடம்பு கைவிட்டது. பிடிபட்டார், கடைசி ஏற்றத்தில் தளர்ந்தார். லெமோண்ட் அந்த ஸ்டேஜை வென்றார். இனோவின் முன்னிலை 40 வினாடியாகச் சுருங்கியது.

ஆல்ப்ஸில், கிரானோன் கணவாயில் முடிந்த ஸ்டேஜில் மஞ்சள் ஜெர்சி லெமோண்ட் கைக்கு வந்தது. மறுநாள் ஆல்ப் டுயஸ். இனோ இறக்கத்தில் மறுபடியும் பாய, இந்த முறை லெமோண்ட் அவரைப் பிடித்துவிட்டார். இருவரும் மற்ற எல்லோரையும் பல நிமிடம் பின்னால் விட்டுவிட்டு மலை உச்சிக்குச் சேர்ந்தே வந்தார்கள். முடிவுக்கோட்டில் சிரித்துக்கொண்டே கைகோத்தார்கள். இனோ ஒரு சக்கரம் முன்னால் போய் ஸ்டேஜை எடுத்துக்கொண்டார். விளையாட்டு உலகின் மிகப் பிரபலமான புகைப்படங்களில் அது ஒன்று.

எல்லாம் சமாதானம் ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் அன்றே டிவி பேட்டியில், டூர் இன்னும் முடியவில்லை என்றார் இனோ. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் லெமோண்ட். அதற்குப் பிறகு வந்த டைம் டிரையலில் லெமோண்ட் விழுந்தார், இனோ 25 வினாடி வித்தியாசத்தில் வென்றார். பட்டத்தை மாற்ற அது போதவில்லை. பாரிஸில் லெமோண்ட் 3 நிமிடம் 10 வினாடி முன்னிலையில் சாம்பியன். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்து டூர் ஜெயித்த முதல் ஆள்.

அப்போ, வாக்கு காப்பாற்றப்பட்டதா?

இனோ தரப்பு: நான் தாக்கியதால் எதிரணிகள் துரத்தித் துரத்திக் களைத்தன, லெமோண்ட் அவர்கள் பின்னால் சுகமாக உட்கார்ந்து வந்தார். பட்டத்தைத் தட்டில் வைத்துக் கொடுக்க முடியாது, போராடித்தான் வாங்க வேண்டும். முடிவில் ஜெயித்தது அவர்தானே?

லெமோண்ட் தரப்பு: கொடுத்த வாக்கை மீறி, என் கை கட்டப்பட்டிருந்த நேரம் பார்த்துத் தாக்கினார். நான் ஜெயித்தது அவர் உதவியால் அல்ல, அவரையும் மீறி.

முதல் நாள் தாக்குதலுக்கு இனோ சொல்லும் காரணம் பொருந்தும். எதிரிகளைக் களைக்க வைப்பது தெரிந்த உத்திதான். ஆனால் 5 நிமிட முன்னிலை கையில் இருக்கும்போது, மறுநாளே மறுபடியும் தாக்கியதை உதவி என்று விளக்குவது கஷ்டம். அதே சமயம், 1979-ல் வென்ற பட்டத்தோடு கடைசி நாளிலும் பாய்ந்த மனிதர் இவர். அந்தக் குணம்தான் ஐந்து பட்டங்களைக் கொடுத்தது. வாக்குக் கொடுத்த மாலையில் அவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டியதில்லை. பிரனீஸ் மலை கண்ணில் பட்டபோது அவரால் அதைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

லெமோண்டின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். ‘இந்த வருஷம் எனக்கு உழை, அடுத்த வருஷம் உனக்கு’ என்று சீனியர் சொன்ன வார்த்தையைத் தவிர அவரிடம் பிடிமானம் எதுவும் இல்லை. 1985-ல் அவர் விட்டுக்கொடுத்தது உறுதியானது, பதிலுக்குக் கிடைக்கும் என்று சொன்னது உறுதியற்றது. கடைசியில் அவரைக் காப்பாற்றியது வாக்கு அல்ல, மலையில் அவர் கால்கள்.

இனோவின் கணக்கு, ஒரே பார்வையில்

- டூர் டி பிரான்ஸ்: 5 முறை (1978, 1979, 1981, 1982, 1985)
- ஜிரோ டி இத்தாலியா: 3 முறை (1980, 1982, 1985)
- வுவெல்டா: 2 முறை (1978, 1983)
- டூரில் வென்ற ஸ்டேஜ்கள்: 28
- உலக சாம்பியன்: 1980
- ஒரே ஆண்டில் ஜிரோவும் டூரும்: 1982, 1985

அதன் பிறகு?

32 வயதில் நிறுத்திவிடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தார் இனோ. 1986 நவம்பரில் 32 வயது ஆனது, நிறுத்திவிட்டார். இந்த வாக்கில் எந்தச் சர்ச்சையும் இல்லை. பிரிட்டனிக்குத் திரும்பி விவசாயம் பார்த்தார், மாடு வளர்த்தார். கூடவே டூர் அமைப்பாளர்களோடு வேலை செய்து, 2016 வரை வெற்றி மேடையில் வீரர்களுக்குக் கைகொடுத்து நின்றார். 2008-ல் மேடையில் அத்துமீறி ஏறிய ஒருவரை அங்கிருந்து தள்ளிவிட்டார். வயது 53. பேட்ஜர் பேட்ஜர்தான்.

லெமோண்ட் 1987-ல் வேட்டையின்போது தவறுதலாகச் சுடப்பட்டு உயிர் பிழைத்தார். திரும்பி வந்து 1989-ல் ஃபின்யோனை வெறும் 8 வினாடியில் தோற்கடித்தார், 1990-லும் வென்றார். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் 7 பட்டங்கள் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக 2012-ல் பறிக்கப்பட்டன. அதற்கு முன்பே ஃப்ளாய்ட் லேண்டிஸின் 2006 பட்டமும் பறிபோயிருந்தது. அதனால் ஆண்கள் டூரை வென்ற ஒரே அமெரிக்கராக லெமோண்டின் பெயர்தான் இன்று ஏட்டில் இருக்கிறது.

அடுத்த ஜூலையில் டூர் ஒளிபரப்பைப் பார்க்க நேர்ந்தால், மஞ்சள் ஜெர்சிக்காரரைக் கேமரா எப்படியும் காட்டிவிடும். அவருக்கு முன்னால் தலையைக் குனிந்து காற்றை வாங்கிக்கொண்டு போகிறாரே, அவரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். 1985-ல் லெமோண்ட் பார்த்த வேலை அதுதான்.